பெயருக்குப் பதினைந்து கட்டம்

"சார், அவுட்புட்டைக் காணோம்!"

சி மொழி படிக்க வரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் கொண்டுவரும் முதல் புகார் இதுதான். புதுச்சேரி காந்தி வீதியில் ஒரு மாடியில் இயங்கிய சிறிய கம்ப்யூட்டர் சென்டரில் 1990களின் பிற்பகுதியில் நான் வாத்தியாராகச் சேர்ந்தேன். ஆறு கணினிகள், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், ஒரு ஏசி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் கீழே சண்டே மார்க்கெட் கூடிவிடும். சட்டை விற்பவரின் குரலுக்கு மேல் குரல் எழுப்பித்தான் பாடம் நடத்த முடியும்.

டர்போ சியின் நீலத் திரையில் புரோகிராமை அடித்துவிட்டு கன்ட்ரோலையும் எஃப்9ஐயும் சேர்த்து அழுத்துவார்கள். திரை ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்ப நீலமாகிவிடும். புரோகிராம் ஓடி, எழுத வேண்டியதை எழுதி முடித்திருக்கும். அதை நாம் பார்ப்பதற்குள் எடிட்டர் வந்து மூடிக்கொண்டிருக்கும். ஆல்ட் எஃப்5 அழுத்தினால் பின்னால் ஒளிந்திருக்கும் கறுப்புத் திரை தெரியும். அல்லது கடைசி வரியாக ஒரு 'கெட்ச்' சேர்த்தால், ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டும்வரை அது காத்து நிற்கும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தர ஆளில்லாமல் நான் என் மாணவ நாள்களில் மூன்று நாள் தவித்திருக்கிறேன். அதனால் அவுட்புட் காணோம் என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அப்போது மற்ற வாத்தியார்கள் அல்காரிதம், ஃப்ளோசார்ட் என்று பலகை நிறையப் படம் போட்டுத்தான் தொடங்குவார்கள். நான் அவுட்புட்டில் தொடங்குவேன். படிக்க வருகிறவனுக்குத் திரையில் தெரிவதுதான் புரோகிராம். உள்ளே நடக்கும் கணக்கு சரியோ தப்போ, அது வெளியே வந்து நின்றால்தான் அவனுக்கே தெரியும். சி மொழிக்கு வேதநூலாக இருக்கும் புத்தகத்தை எழுதிய கெர்னிகனும் ரிச்சியும்கூட அப்படித்தான் தொடங்கினார்கள். 1978இல் வந்த அந்த நூலில் முதல் புரோகிராம் உலகத்துக்கு வணக்கம் சொல்லும் ஒற்றை வரி. அடுத்த உதாரணம் ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் பட்டியல். 1988இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பட்டியலை முதலில் எண்கள் ஒழுங்கில்லாமல் நிற்கும்படி அச்சிட்டுக் காட்டிவிட்டு, பிறகு எண்ணுக்கு இத்தனை இடம் என்று அகலம் கொடுத்து வலப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துவார்கள். மொழியைக் கற்பிக்கத் தொடங்கிய சில பக்கங்களுக்குள்ளேயே அலங்காரம் வந்துவிட்டது. அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப் என்ற பெயரில் கடைசியில் நிற்கும் 'எஃப்' வடிவமைப்பைக் குறிப்பது என்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். 'ஃபங்ஷன்' என்றுதான் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள்.

எங்கள் சென்டரில் எல்லாருக்கும் முதல் பெரிய பயிற்சி மதிப்பெண் பட்டியல். வரிசை எண், பெயர், மூன்று பாடம், கூட்டுத்தொகை, சராசரி. கணக்கு எல்லாருக்கும் வந்துவிடும். பட்டியல்தான் வராது. முதலில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இடைவெளி விடுவார்கள். ஒரு பெயருக்குச் சரியாக வரும், அடுத்த பெயருக்குக் கோணிக்கொள்ளும். பிறகு யாராவது ஒரு சீனியர் 'பேக்ஸ்லாஷ் டி' போடச் சொல்லிக் கொடுத்திருப்பான். அது டேப். எட்டு எட்டு இடமாகத் தாவும். குமார், உமா, லட்சுமி எல்லாரும் ஆங்கிலத்தில் ஏழு எழுத்துக்குள் அடங்குவதால் அவர்களுடைய மதிப்பெண்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். பிள்ளை மகிழ்ந்து போவான். செல்வராஜ் வந்ததும் குட்டு வெளிப்படும். சரியாக எட்டு எழுத்து. டேப் அடுத்த எட்டுக்குத் தாவிவிடும், செல்வராஜின் தமிழ் மதிப்பெண் போய் ஆங்கிலத்தின் கீழ் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு நான் கண்ட மருந்து கட்டம் போட்ட நோட்டு. கணக்குப் பாடத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வாங்குவார்களே, அதேதான். அந்தத் திரை 80 கட்டம் அகலம், 25 கட்டம் உயரம், ஆக 2000 கட்டம். முதலில் பென்சிலால் நோட்டில் எழுது, ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். இடைவெளிக்கும் ஒரு கட்டம் உண்டு, அதை விட்டுவிடாதே. பெயருக்கு எத்தனை, மதிப்பெண்ணுக்கு எத்தனை என்று மேலே எண்ணைப் போடு. அதன் பிறகுதான் கீபோர்டைத் தொடலாம். காலேஜ் பிள்ளைகளுக்கு இது அவமானமாக இருக்கும். "மூணாங்கிளாஸ் நோட்டா சார்?" என்பார்கள். ஆனால் நோட்டில் எண்ணிப் பார்த்தவன்தான் 'பர்சென்ட் மைனஸ் 15 எஸ்' என்பதை ஒரே தடவையில் புரிந்துகொள்வான்: பெயருக்கு 15 கட்டம், மைனஸ் போட்டதால் இடப்பக்கமாக ஒதுங்கி நிற்கும், மிச்சக் கட்டங்கள் வெற்றிடமாக நிரம்பும். சராசரிக்கு 'பர்சென்ட் 6 புள்ளி 2 எஃப்': மொத்தம் ஆறு கட்டம், புள்ளிக்கும் அதில் ஒன்று, புள்ளிக்குப் பின் இரண்டு. புள்ளியைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம்.

இப்படி ஊருக்கே பாடம் எடுத்த நான் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அது புரிந்த கதையைச் சொல்ல, முதலில் எங்கள் ஊர்ப் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முருகன் என்ற பெயரை ஆங்கில வழக்கில் எழுதினால் 7 எழுத்து. அதே முருகன் புதுச்சேரியில் பிரெஞ்சு வழக்கில் பதிவாகியிருந்தால் எம், ஓ, யு, ஆர், ஓ, யு, ஜி, ஏ, என், இ என்று 10 எழுத்து. பிரெஞ்சில் தனி 'யு'வுக்கு ஒலி வேறு. நம் 'உ' வேண்டுமென்றால் 'ஓயு' என்று இரண்டு எழுத்து போட்டாக வேண்டும். கடைசி 'ன்' காதில் விழ ஒரு 'இ' ஒட்டிக்கொள்ளும். சாமிக்கு முன்னால் ஏதாவது பெயர் வந்தால் 'எஸ்' இரட்டித்துவிடும், ஒற்றையாக விட்டால் இசட் போலப் படித்துவிடுவார்கள். டேப் போட்ட பட்டியலில் தமிழ்நாட்டு முருகன் ஒழுங்காக நிற்பான், புதுச்சேரி முருகன் ஒரு பத்தி தள்ளிப் போவான். ஆள் ஒன்று, பெயரும் ஒன்று.

இது போதாதென்று குடும்பப் பெயர் வேறு. 1881இல் வந்த ஓர் ஆணை, தங்கள் சமூகத்துத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பியவர்களுக்கு வழி திறந்தது. அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்துகொண்டார்கள். அதற்காக முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு வாசல் என்று பொருள். ஐரோப்பியக் காலணியோடு கோர்ட்டுக்குப் போனதற்காகத் தடுக்கப்பட்டு, அதை எதிர்த்து வழக்காடியவர் அவர். எங்கள் ஏசி அறை வாசலில் அவர் வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போமோ! சொல்ல வந்தது இதுதான்: இனிஷியல் ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் இல்லை. முன்பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று நீளும் பெயர்கள் இங்கே சாதாரணம்.

சென்டருக்கு ஒரு நிறுவனத்தின் சம்பளச் சீட்டு அடிக்கும் வேலை வந்தது. பெயர் வேண்டாம். வேலை எடுத்தது நான், தப்பும் என்னுடையது. கட்டங்கள் முன்கூட்டியே அச்சிட்ட தொடர் காகிதம் கொடுத்திருந்தார்கள். கட்டத்துக்குள் எண்கள் விழ வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் கணக்குப் போட்டேன். பணியாளர் எண், பெயருக்கு 15, அப்புறம் சம்பளம், படி, பிடித்தம், கடைசியில் நிகரம். சரியாக 80 கட்டம், பிரின்டரின் அகலமும் 80. ஒரு கட்டம் வீணாகவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. சோதனைக்கு உமா, குமார், செல்வராஜ் என்று ஐந்தாறு பெயர்களை ஓட்டிப் பார்த்தேன். ஊசி முனைகள் தடதடவென்று அடித்து முடித்தன. கட்டத்துக்குள் கச்சிதம்.

உண்மையான பட்டியல் ஓடியபோது 37-ஆவது சீட்டில் வந்தது வினை. அந்த அக்காவின் பெயர், இடைவெளியும் சேர்த்து, 19 எழுத்து. 15 என்று அகலம் கொடுத்தால் 15க்கு மேல் போகாது என்று நான் நம்பியிருந்தேன். சி மொழியில் அந்த எண் குறைந்தபட்சம். பெயர் சிறியதாக இருந்தால் நிரப்பும், பெரியதாக இருந்தால் வெட்டாது, அப்படியே நீளவிடும். நான்கு எழுத்து கூடுதலானதால் வரி 84 ஆயிற்று. 80-ஐத் தாண்டிய நான்கை பிரின்டர் அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டது. நிகரம் 8450.00 என்று வர வேண்டிய இடத்தில் 845 மட்டும் நின்றது, 0.00 கீழே இடது ஓரத்தில் அநாதையாகக் கிடந்தது. அதோடு விட்டதா? ஒரு சீட்டுக்கு இத்தனை வரி என்று எண்ணி எண்ணித்தான் அடுத்த சீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு வரி கூடிவிட்டதால் 38 முதல் கடைசிவரை எல்லாச் சீட்டும் ஒரு வரி இறங்கி, எண்கள் கோட்டின் மேலேயே விழுந்தன. நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது தரையில் காகிதம் மடிந்து மடிந்து குவிந்திருந்தது.

அன்றிரவே திருத்தினேன். 15க்குப் பின் ஒரு புள்ளி, அதன்பின் இன்னொரு 15. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் அதிகபட்சம், அதைத் தாண்டினால் வெட்டிவிடும். ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் வரி எண்ணாமல் 'ஃபார்ம் ஃபீட்' என்ற கட்டளையை அனுப்பி, பிரின்டரையே அடுத்த தாளின் தலைக்குப் போகச் சொன்னேன். தொழில் கற்றுக்கொண்டுவிட்டதாக நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்காவே மாடியேறி வந்தார். கையில் சீட்டு. "தம்பி, என் பேருல கடைசி நாலு எழுத்தைக் காணோமே. ஒரு விண்ணப்பத்தோட இதை வெச்சுக் குடுத்தேன், பாஸ்போர்ட்ல இருக்கற பேரு வேற, இது வேறன்னு திருப்பிட்டாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான்கு எழுத்தை எங்கே வைத்தேன் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த மாதம் முதல் பெயரைச் சீட்டின் மேலே தனி வரியில் போட்டேன். அந்த வரியில் வேறு எதுவும் கிடையாது. 80 கட்டமும் பெயருக்கே.

பெயருக்கு நடந்தது இது. எண்ணுக்கு நடந்தவை தனிக்கதை. டர்போ சியில் முழு எண்ணுக்கு இரண்டு பைட்தான். 32767 வரை தாங்கும். ஒரு மாணவன் மேனேஜருக்கு 40000 சம்பளம் போட்டான், திரையில் மைனஸ் 25536 என்று வந்தது. "மேனேஜர் கம்பெனிக்குப் பணம் கட்டணுமா சார்?" என்று வகுப்பே சிரித்தது. தசம எண்ணை முழு எண்ணுக்கான 'பர்சென்ட் டி'யில் அச்சிட்டுவிட்டு வரும் குப்பையைப் பார்த்து விழிப்பவர்களும் உண்டு. இவையெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாகாத ஒன்று கமா.

எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்போம். 1954இல் ஆட்சி கை மாறினாலும், 1962இல் அது சட்டப்படி உறுதியானாலும், அவர்களுக்கு ஓய்வூதியம் பிரான்சிலிருந்துதான். ஒரு சொல்தா தாத்தாவின் பேத்தி எங்களிடம் படித்தாள். 2001 முடியும் நேரம். ஃபிராங்க் போய் யூரோ நோட்டு வரப்போகிறது, ஒரு யூரோவுக்கு 6.55957 ஃபிராங்க் என்று விகிதம் ஏற்கெனவே நிர்ணயமாகிவிட்டது. தாத்தாவுக்கு எத்தனை யூரோ வரும் என்று பார்க்க அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். நல்ல பெண். தாத்தாவின் காகிதத்தில் இருந்தபடியே நான்கு, ஓர் இடைவெளி, இருநூற்றுப் பதினேழு, கமா, அறுபது என்று உள்ளே கொடுத்தாள். பிரெஞ்சு வழக்கில் ஆயிரத்துக்கு இடைவெளி, தசமத்துக்குக் கமா. நம் கணினி நான்கைப் படித்தது, இடைவெளியைக் கண்டதும் எண் முடிந்தது என்று நிறுத்திக்கொண்டது. நான்கை வகுத்து 0.61 யூரோ என்று அழகாக இரண்டு தசமத்தில் காட்டியது. அவள் அதை அச்சிட்டு வீட்டுக்கும் எடுத்துப் போய்விட்டாள்.

மறுநாள் தாத்தா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. படியேறியதில் மூச்சு வாங்கியது. "ஏன் தம்பி, இந்தோசீனாவுல எல்லாம் இருந்துட்டு வந்தேன், எனக்கு அறுபத்தொரு காசுதானா?" என்று கேட்டார். உட்கார வைத்து 4217.60 என்று அடித்துக் காட்டினேன். 642.97 வந்தது. முகம் தெளிந்தது, ஆனால் திருப்தியில்லை. "புள்ளி எதுக்கு? கமா இல்ல வரணும்?" என்றார். அவருக்குப் புள்ளி வைத்த தொகை தொகையாகவே தெரியவில்லை. சரி என்று, எண்ணை நேராகத் திரைக்கு அனுப்பாமல் முதலில் ஓர் எழுத்துச் சரத்துக்குள் எழுதி, அதில் புள்ளி இருக்கும் இடத்தைத் தேடிக் கமாவாக மாற்றி, பிறகு அச்சிட்டோம். பேத்திதான் அடித்தாள். அந்த மூன்று வரியை அதன்பின் ஒவ்வொரு வகுப்புக்கும் பாடமாக வைத்தேன்.

நம் கமாவும் லேசுப்பட்டதல்ல. பன்னிரண்டு லட்சத்து முப்பத்துநாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழை நாம் 12,34,567 என்று எழுதுவோம். இன்று பைத்தானில் ஒரு கமாவைக் கொடுத்து எண்ணை அச்சிடச் சொன்னால் 1,234,567 என்று மில்லியன் கணக்கில்தான் நிற்கும். வலமிருந்து முதல் மூன்றை விட்டு, பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கும் சிறிய ஃபங்ஷனை எழுதுவது நல்ல பயிற்சி. மாணவர்களில் பாதிப் பேர் கடைசியில் தேவையில்லாத ஒரு கமாவை எண்ணுக்கு முன்னால் மாட்டிவிடுவார்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபால் மேல் மரியாதை உண்டு. (ஆள் பெயரல்ல, 1960இல் வெளிவந்த கணினி மொழி. பிள்ளைகள் அப்படித்தான் உச்சரிப்பார்கள்.) எண் எப்படித் தெரிய வேண்டுமோ அந்த வடிவத்தை அதில் அப்படியே படமாக எழுதிக் காட்டலாம். கமாவை லட்சத்தில் வைத்தால் லட்சத்தில் வரும். நம்மை மில்லியனுக்கு மாறச் சொல்லவில்லை.

சென்டர் மூடிப் பல வருடமாகிவிட்டது. இப்போது வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பள்ளிப் பாடத்திலும் பைத்தான் வந்துவிட்டது. 2016இல் வந்த 3.6 பதிப்பிலிருந்து, மேற்கோள் குறிக்கு முன் ஓர் 'எஃப்' போட்டு, நெளி அடைப்புக்குள் பெயரையும் அகலத்தையும் எழுதினால் போதும். கன்ட்ரோல் எஃப்9 இல்லை, அவுட்புட் காணாமல் போவதில்லை. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு பையன் பட்டியலைத் தமிழிலேயே அடித்தான்.

உமா, முருகன் இருவருக்கும் 15 இடம். மதிப்பெண்கள் நேராக நிற்கவில்லை. பையன் எண்ணிப் பார்த்தான். முருகன் நான்கு எழுத்து, ஆனால் பைத்தானைக் கேட்டால் ஏழு என்கிறது. யூனிகோடில் 'மு' என்பது 'ம'வும் உகரக் குறியும் சேர்ந்து இரண்டு, 'ரு'வும் அப்படி, 'ன்' என்பதில் புள்ளி தனி. உமா கண்ணுக்கு இரண்டு, கணக்குக்கு மூன்று. எனவே முருகனுக்கு எட்டு வெற்றிடமும் உமாவுக்குப் பன்னிரண்டும் நிரப்பி, தன் கணக்கில் எல்லாம் சரி என்று அது சும்மா இருந்துவிடுகிறது. சி மொழியில் பார்த்தால் இன்னும் மோசம். யுடிஎஃப்-8இல் இந்தக் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட். முருகன் 21 பைட். சி மொழி பைட்டைத்தான் எண்ணும். 15-ஐத் தாண்டிவிட்டதால் ஒரு வெற்றிடமும் நிரப்பாது. பிரெஞ்சு முருகனே பத்தோடு நின்றான், தமிழ் முருகன் இருபத்தொன்று!

தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ணித் தர 'ஓப்பன் தமிழ்' போன்ற நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல் மொழியில் கட்டளையே தமிழில்தான். அச்சிடு என்பதற்கு அங்கே 'பதிப்பி' என்பார்கள், எனக்குப் பிடித்த சொல். ஆனால் எழுத்தைச் சரியாக எண்ணிவிட்டாலும் தீராத ஒன்று உண்டு. 'ர' ஒல்லி, 'ஞ' குண்டு, 'ணௌ' மூன்று ஆள் இடம் கேட்கும். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்ற என் நோட்டு தமிழுக்குப் பொருந்தவில்லை. பையன் நோட்டைத் திருப்பித் தந்துவிட்டான். எக்செல்லிலோ வலைப்பக்க அட்டவணையிலோ போட்டால் பத்தியின் அகலத்தை அதுவே அளந்துகொள்ளும், அங்கே போ என்று சொல்லலாம். சொல்கிறேன். ஆனால் முதல் மாதம் படிக்கிற பிள்ளைக்குத் தன் திரையில், தன் மொழியில், தன் கையால் போட்ட பட்டியல் நேராக நிற்க வேண்டும் என்று ஆசை இருக்காதா?

இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். வரிசை எண், மூன்று பாடம், கூட்டுத்தொகை, சராசரி எல்லாம் முதலில். எண்கள் அகலம் மாறாது, வலப்பக்கமாக ஒதுங்கி வரிசையாக நிற்கும். பெயரைக் கொண்டுபோய் கடைசிப் பத்தியில் வைத்தோம். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் அது எவ்வளவு நீண்டாலும் யாரையும் தள்ளாது, யாரும் அதை வெட்ட வேண்டியதும் இல்லை. ஆறு எண்களுக்குப் பிறகு பெயரைப் படிப்பது முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் பழகிவிட்டது.

தொடர் காகிதத்தில் சம்பளச் சீட்டு அடித்த அன்றே இது எனக்குத் தோன்றியிருக்கலாம். அந்த அக்காவின் பெயரில் போன நான்கு எழுத்து எவை என்று இப்போதும் எனக்கு மனப்பாடம்.